கைடின் எச்-இன்டெக்ஸ் 54; சேரலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்து, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியிருக்கிறேன். புற்றுநோயின் மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. இரண்டு பேராசிரியர்கள் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலாமவருக்கு 22 வருடத்தில் 290 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 54, ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் பெயர். இரண்டாமவருக்கு 20 வருடத்தில் 38 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 19. அப்பாவும் ஹாஸ்டல் தோழிகளும் “இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்கிறார்கள். ஆனால் இரண்டாமவரின் கட்டுரைகளைப் படித்தால் ஏதோ பிடிபடுகிறது. முதலாமவருடையது எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. இந்த எண்களை எப்படிப் படிப்பது? இருவரின் கூகுள் ஸ்காலர் பக்கங்களையும் இணைத்துள்ளேன்.
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

ஜேஆர்எஃப் வாங்கியதற்கு வாழ்த்துகள். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களையும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தரவுதளமான பப்மெட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இரண்டாமவரிடம்தான் சேருவேன், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விசாரித்துவிட்டு. அது என்னவென்று கீழே வருகிறது.

எச்-இன்டெக்ஸ் ஒன்றும் மந்திரமில்லை. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற கலிஃபோர்னிய இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி (எத்தனை கட்டுரைகள் அதைச் சுட்டியிருக்கின்றன என்ற கணக்கு) இறங்கு வரிசையில் அடுக்கினால், 19 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 19 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் 19. இப்போது உங்கள் இரண்டாமவரைப் பாருங்கள். 38 கட்டுரையில் 19. அதாவது அவர் எழுதியதில் சரிபாதி, 19 தடவையோ அதற்கு மேலோ மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. முதலாமவருக்கு 290-இல் 54. மீதி 236 கட்டுரைகளைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. இன்னொன்று, எச் ஏறுமே தவிர இறங்காது. ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு ஓய்வில் போனவருக்கும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, 54 என்பது சும்மா வந்துவிடுமா என்று கேட்பீர்கள். வராது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அவருடைய பக்கத்தில் அதிக மேற்கோள் பெற்ற முதல் 20 கட்டுரைகளை மட்டும் எடுத்துப் பிரித்தேன். 13 ரிவ்யூ கட்டுரைகள், அதாவது ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை. மூன்று பெரிய பன்னாட்டுக் கூட்டுக் கட்டுரைகள். அவற்றில் இவர் பெயர் நாற்பது ஐம்பது பேருக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. மீதி நான்குதான் அவருடைய லேப்பில் அவருடைய மாணவர்கள் கை வைத்துச் செய்த சோதனை. அந்த நான்குமே 2012-க்கு முந்தியவை.

ரிவ்யூ எழுதுவது குற்றமில்லை. டக்ளஸ் ஹனஹனும் ராபர்ட் வைன்பெர்கும் 2000-இல் ‘செல்’ இதழில் எழுதிய, புற்றுநோய் செல்லின் ஆறு அடையாளங்களைச் சொல்லும் கட்டுரை ரிவ்யூதான். 2011-இல் அதை விரித்து எழுதினார்கள். எங்கள் புற்றுநோய் ஆய்வுத் துறை தன் கேள்விகளை எந்த ஒழுங்கில் கேட்பது என்பதையே அந்த இரண்டும் தீர்மானித்தன. அப்படி ஒரு ரிவ்யூ எழுதியவருக்கு மேற்கோள் குவிந்தால் அது நியாயம். ஆனால் சாதாரண ரிவ்யூவுக்கு மேற்கோள் விழுவது வேறு காரணத்தால். ஒரு ஆய்வு மாணவர் ராத்திரி பதினொரு மணிக்குத் தன் கட்டுரையின் முன்னுரையை எழுதிக்கொண்டிருக்கிறார். ‘இந்தப் பாதை பல புற்றுநோய்களில் தூண்டப்படுகிறது’ என்று ஒரு வாக்கியம். அதற்கு மூல ஆய்வுகள் எட்டைத் தேடிப் படிப்பதற்குப் பதில் ஒரு ரிவ்யூவின் எண்ணைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். எல்லா லேப்பிலும் இதுதான் நடக்கிறது.

இதை விடவும் வேடிக்கையான உதாரணங்கள் உண்டு. அறிவியல் வரலாற்றில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951-இல் லௌரியும் அவருடைய சகாக்களும் எழுதியது: ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளப்பது எப்படி. மூன்று லட்சத்துக்கு மேல். எம்.எஸ்சி. ப்ராக்டிகலில் நீங்களே செய்திருப்பீர்கள். ஒரு ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் ஆர்டி-பிசிஆர் சோதனையின் முடிவைக் கணக்கிட லிவக்கும் ஷ்மிட்ஜெனும் 2001-இல் தந்த சூத்திரத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். இரண்டுமே உபயோகமான வேலைகள். ஆனால் புற்றுநோயைப் பற்றி அவை எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கட்டுரைக்கு எத்தனை பேர் கை நீட்டினார்கள் என்பதை மேற்கோள் சொல்லும். எதற்காக நீட்டினார்கள் என்று சொல்லாது.

‘2 சதவீதப் பட்டியல்’ பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் யாருக்கும் பட்டம் கட்டவில்லை. அங்கே உள்ள ஜான் இயோனிடிஸும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுதளத்தை வைத்துத் தயாரிக்கிற ஒரு பெரிய அட்டவணை அது. உண்மையில் கொஞ்சம் பொறுப்பாகத்தான் செய்திருக்கிறார்கள். தனி ஆசிரியர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்ற இடங்களுக்கும் அதில் கணக்கு உண்டு. நம் ஊர் செய்தித்தாள்கள் பெயரை மட்டும் போட்டு சால்வை போர்த்திவிடுகின்றன. பக்கத்து நெடுவரிசைகளை யாரும் பார்ப்பதில்லை. அதில் ஒன்று, தன்னைத் தானே மேற்கோள் காட்டிய விகிதம். 2019-இல் அந்தத் தரவு வெளிவந்தபோது உலகச் செய்தியான ஒருவர், தன் மேற்கோள்களில் 94 சதவீதத்தைத் தானும் தன் கூட்டாசிரியர்களுமே தந்துகொண்டிருந்தார். புற்றுநோய்த் துறை இல்லை, கணினியியல். ஊர் சென்னை. அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் முதலாமவரின் வரிசையைத் தேடி அந்தக் கட்டத்தை மட்டும் பாருங்கள்.

கடிதத்தின் பிற்பகுதியில் ‘முதலாமவர் எல்லாம் பெரிய இம்பாக்ட் ஃபேக்டர் இதழ்களில் போடுகிறார்’ என்று எழுதியிருந்தீர்கள். யூஜின் கார்ஃபீல்டு இந்த அளவுகோலைக் கொண்டுவந்தபோது அதன் வேலை, எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர்கள் தீர்மானிக்க உதவுவது. ஒரு இதழின் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களின் சராசரி, அவ்வளவுதான். அதை வைத்து ஒரு கட்டுரையை மதிப்பிடுவது, பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துவிட்டு அங்கே படிக்கிற ஒரு பையனின் கணக்கு மார்க்கைச் சொல்வது போல. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் எங்கள் ஆள்தான். ஓஸ்லோவில் நார்வே ரேடியம் மருத்துவமனையின் புற்றுநோய் ஆய்வுக் கழகத்தில் இருந்த பெர் செக்லென். ஒரு இதழுக்குக் கிடைக்கும் மேற்கோள்களில் பாதியை அதன் 15 சதவீதக் கட்டுரைகளே சம்பாதித்துத் தருகின்றன என்று 1990-களிலேயே எழுதினார். மீதிக் கட்டுரைகள் அந்த நிழலில் உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ‘சிஏ’ இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் சில நூறுகளில் இருப்பதற்குக் காரணம், அதில் வருகிற புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரைகள். புற்றுநோய் பற்றி எழுதுகிற எல்லாருமே ‘உலகில் ஆண்டுக்கு இத்தனை பேருக்கு’ என்று முதல் வரியைத் தொடங்கி அதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம். நானும்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கள் வேலையில் ஒரு சோதனைக் கட்டுரை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், 290 என்ற எண்ணை நீங்களே எடைபோட்டுவிடுவீர்கள்.

ஒரு ஜீன் கட்டி வளர உதவுகிறது என்று உங்களுக்குச் சந்தேகம். எஸ்ஐஆர்என்ஏ என்ற சின்ன ஆர்என்ஏ துண்டைப் போட்டு அதை அடக்குகிறீர்கள். செல்கள் வளர்வது குறைகிறது. உடனே எழுதிவிட முடியாது. அந்த எஸ்ஐஆர்என்ஏ வேறு எதையோ அடக்கியிருக்கலாம். இன்னொரு வரிசையை வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். கிறிஸ்பர் கொண்டு ஜீனையே எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததைத் திரும்பக் கொடுத்தால் வளர்ச்சி மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிக் கதைகள் இங்கேதான் செத்துப்போகும். ஒரு செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கிற ஒரு செல் வகை, போதாது; குறைந்தது மூன்று வேண்டும். அப்புறம் எலி. அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி. கட்டி வளர்ந்து அளக்க வாரக்கணக்கு. கட்டுரையை அனுப்பினால் மதிப்பீட்டாளர் இன்னும் நான்கு சோதனை கேட்பார். அதில் இரண்டு நியாயமானதாக இருக்கும். ஒரு நல்ல மாணவர், ஒரு நல்ல கைடு, கையில் காசு எல்லாம் இருந்தும் மூன்று நான்கு வருடம் ஓடிவிடும்.

முதலாமவருக்குக் கடந்த மூன்று வருடங்களில் வருடத்துக்கு 35-க்குக் குறையாமல் வந்திருக்கிறது. பத்து நாளுக்கு ஒன்று. மேலே சொன்ன வகைக் கட்டுரை இந்த வேகத்தில் வராது. அவை என்னென்ன என்று பார்த்தால் ரிவ்யூ, கணினியில் மூலக்கூறு பொருத்திப் பார்க்கும் டாக்கிங், பொதுவில் கிடைக்கும் டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுத் தரவை இறக்கி வரைந்த படங்கள், அப்புறம் ‘இன்ன இலையின் சாறு எம்சிஎஃப்-7 செல்களில் அப்போப்டோசிஸைத் தூண்டுகிறது’ வகையறா, அதாவது மார்பகப் புற்றுநோய் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது என்பவை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறதுதான். இலையின் பெயர் மட்டும் மாறுகிறது.

இந்த வகையைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த லேப்பில் சேர்ந்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவதும் ஒரு இலைதான். தட்டில் வளரும் செல்லின் மேல் போதிய அளவு எதைக் கொட்டினாலும் அது சாகும். மஞ்சளில் இருக்கும் குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கட்டுரைகள். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் உட்கார்ந்து மொத்தத்தையும் அலசினார்கள். குர்குமின் உடலின் அமிலக் காரச் சமநிலையில் சீக்கிரம் சிதைகிறது, ரத்தத்தில் போய்ச் சேருவது மிகக் குறைவு. தானே ஒளிர்கிற பொருள் என்பதால் ஒளிர்வை அளக்கும் சோதனைகளையும் அது ஏமாற்றும். 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும், இருபுறமும் மறைத்துச் செய்த, போலி மருந்தோடு ஒப்பிட்ட எந்தச் சோதனையும் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர், உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களில் ஒருவராக இருந்த ஒரு அமெரிக்க இந்தியர். அவருடைய கட்டுரைகள் இருபதுக்கும் மேல் இதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. மஞ்சளைக் குழம்பில் போட நான் தடை சொல்லவில்லை. பிஎச்.டி.க்கு வேண்டாம் என்கிறேன்.

அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது எப்படியும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். 2012-இல், அம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தில் முன்பு புற்றுநோய் ஆய்வுத் தலைவராக இருந்த க்ளென் பெக்லி, லீ எல்லிஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார். புற்றுநோய்த் துறையின் 53 முக்கியமான கட்டுரைகளின் முடிவுகளை அம்ஜென்னில் திரும்பச் செய்து பார்த்திருந்தார்கள். ஆறுதான் தேறியது. அந்தச் செய்தி எல்லாருக்கும் தெரியும். அந்தக் கட்டுரையில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. மிகப் பெரிய இதழ்களில், தேறாத கட்டுரைகளுக்குச் சராசரியாக 248 மேற்கோள், தேறியவற்றுக்கு 231. இம்பாக்ட் ஃபேக்டர் 5 முதல் 19 வரை உள்ள இதழ்களில் தேறாதவற்றுக்கு 169. தேறியவற்றுக்கு வெறும் 13.

அம்ஜென் எந்தெந்தக் கட்டுரைகள் என்று பட்டியல் தரவில்லை, அதனால் முணுமுணுப்பு இருந்தது. பின்னால் திறந்த அறிவியல் மையம் என்ற அமெரிக்க அமைப்பு எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்துச் செய்து, 2021 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டம். கட்டுரையை மட்டும் படித்துவிட்டுச் செய்துபார்க்கும்படி முழு விவரம் தந்திருந்த சோதனை ஒன்றுகூட இல்லை. ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டால் சிலர் பதிலே போடவில்லை. கடைசியில் 23 கட்டுரைகளிலிருந்து 50 சோதனைகளைத்தான் முடிக்க முடிந்தது. விளைவின் அளவு, நடுமதிப்பில், மூலக் கட்டுரை சொன்னதை விட 85 சதவீதம் சிறியது. இதெல்லாம் மோசடி என்று அர்த்தமில்லை. அவசரம், சிறிய மாதிரி, நமக்குப் பிடித்த முடிவு வந்ததும் நிறுத்திக்கொள்கிற பழக்கம். எங்கள் எல்லாரிடமும் இருக்கிற நோய்தான்.

அதனால் எண்ணை விட்டுவிட்டுக் கட்டுரையைத் திறங்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஐந்து சோதனைக் கட்டுரைகள் போதும். புரதத்தைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில் ஆரம்பியுங்கள். மேலே நீங்கள் தேடுகிற புரதம், கீழே பீட்டா ஆக்டின் என்ற ஒப்பீட்டுப் பட்டை. எல்லாரும் மேலே பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். ஆக்டின் பட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன புள்ளி, மூன்றாவது பட்டையின் வலது முனை லேசாகத் தூக்கியிருப்பது, இப்படி ஒவ்வொரு பிளாட்டுக்கும் ஒரு முகம் உண்டு. அதே முகம் வேறு வருடத்தில் வேறு செல் லைனின் பெயரோடு, சில சமயம் இடவலம் திரும்பி, மறுபடி வந்தால் அந்தக் கட்டுரையை மூடிவிடலாம். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் இப்படிக் கண்ணாலேயே 20,621 கட்டுரைகளைப் பார்த்து, 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்குரிய படங்கள் இருப்பதாக 2016-இல் எழுதினார். யாராவது ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தால், வெளிவந்த கட்டுரைகளை விமர்சிக்கும் பப்பியர் தளத்தில் பதிந்திருப்பார்கள். கைடின் பெயரை அங்கே ஒரு முறை போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, இருவருடைய பெயரையும்தான்.

அப்புறம் செல் லைன். எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் என்று நம்பி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. அது எம்14 என்ற மெலனோமா செல் என்பது 2000-க்குப் பிறகு படிப்படியாகத் தெளிவானது. தோலில் தொடங்கும் புற்றுநோயை வைத்துக்கொண்டு மார்பகத்தைப் பற்றி எழுதியிருந்தோம். ஆகவே ‘செய்முறை’ பகுதியில், செல்லை எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாள முறையில் சரிபார்த்ததாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இரண்டாமவரின் 2016-க்குப் பிந்தைய எல்லாக் கட்டுரையிலும் அந்த வரி இருக்கிறது. முதலாமவரிடம் நான் திறந்த எதிலும் இல்லை.

மூன்றாவது, பிரைமர் வரிசை, அதாவது பிசிஆரில் ஒரு ஜீனைக் குறிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டின் எழுத்து வரிசை. அதைக் காப்பி செய்து, வரிசை எந்த ஜீனுடையது என்று தேடித் தரும் என்சிபிஐயின் பிளாஸ்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். சொன்ன ஜீன்தானா என்று நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த எளிய வேலையை வைத்து ஒரு தொழிற்சாலையையே பிடித்தவர் சிட்னியின் ஜெனிஃபர் பைர்ன். அவரும் மூலக்கூறு புற்றுநோயியலாளர். தன் ஆய்வுக்காலத்தில் தொட்ட ஒரு ஜீன் குடும்பத்தைப் பற்றி, அதுவரை யாரும் சீந்தாத நேரத்தில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி கட்டுரைகள் வரிசையாக வருவதைக் கவனித்தார். உள்ளே தந்திருந்த வரிசைகள் கட்டுரை சொல்வதோடு பொருந்தவில்லை. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்துத் தரும் கூடங்கள் பற்றி இன்று உலகம் பேசுவதற்கு அவரும், பிரான்சின் க்ரெனோபிலில் இருக்கும் கணினியியலாளர் சிரில் லாபேயும் ஒரு முக்கியமான காரணம். 2023-இல் ஹிந்தாவி நிறுவனத்தின் இதழ்கள் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. அவற்றையெல்லாம் அதற்குள் யாரோ மேற்கோள் காட்டி, யாருடைய எச்-இன்டெக்ஸோ ஏறியிருக்கும்.

அப்படியானால் உண்மையான தாக்கம் என்பது எது? 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்லில் ஒரு குட்டை குரோமோசோம் இருப்பதாக எழுதினார்கள். ஒரு பக்கம் கூட நிரம்பாத குறிப்பு. 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி, அது 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது என்று காட்டினார். அந்த ஒட்டிலிருந்து பிறந்த நொதியை அடக்கும் மூலக்கூறு பற்றி பிரையன் ட்ரக்கரின் கட்டுரை 1996-இல் வந்தது. 2001-இல் அது இமாட்டினிப் என்ற மாத்திரை. 2013 ஏப்ரலில் நோவார்டிஸ் நம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது அந்த மாத்திரையின் காப்புரிமைக்காகத்தான். சாவு நோயாக இருந்தது இன்று பெரும்பாலானோருக்கு தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற நோய். 1965-இல் ஒரு தேர்வுக் குழு அந்த அரைப்பக்கக் குறிப்பைப் பார்த்து ‘சரி, இதனால் என்ன?’ என்று கேட்டிருந்தால் நவலுக்குப் பதில் இருந்திருக்காது.

நம் பக்கத்திலும் உண்டு. மூலக்கூறு ஆய்வு இல்லை, ஆனாலும் சொல்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் வினிகர் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் பரிசோதனையை ஆயிரக்கணக்கான பெண்களிடம் செய்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக சங்கரநாராயணனும் குழுவினரும் 2007-இல் ‘லான்செட்’டில் எழுதினார்கள். அதன் மதிப்பை மேற்கோள் எண்ணிக்கையில் தேடுகிறவர்கள் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு. அவர் கவலை வேலை பற்றியது. அது நியாயமான கவலை. கட்டுரை எண்ணிக்கை நம் நாட்டில் வேலைக்கு உதவுமா? உதவும், பொய் சொல்லக் கூடாது. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பதவிக்கு ஆட்களைச் சுருக்கும்போது ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. அதாவது ஐந்து கட்டுரை இருந்தால் முழு மதிப்பெண். ஆறாவது கட்டுரை அந்தக் கட்டத்தில் ஒன்றும் சேர்க்காது. வெளிநாட்டில் போஸ்ட்டாக் தேடினால், அங்கே கேட்பது நீங்கள் முதல் ஆசிரியராக இருக்கும் ஒரு நல்ல கட்டுரையும், உங்களைத் தெரிந்த கைடு தொலைபேசியில் சொல்லும் நாலு வார்த்தையும்தான். 290 கட்டுரையும் 25 மாணவர்களும் உள்ளவருக்கு உங்களைப் பற்றிச் சொல்ல என்ன தெரிந்திருக்கும் என்று அப்பாவிடம் கேளுங்கள். பிஎச்.டி. சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி 2022-இலேயே எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு விதி வைத்திருக்கலாம், பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி விசாரிக்க வேண்டிய விஷயம். இரண்டாமவரின் 38 கட்டுரைகளில் 21-இல், ஆசிரியர் வரிசையின் கடைசியில் (வழிநடத்தியவரின் இடம்) அவர் பெயர், முதலில் (வேலையைச் செய்தவரின் இடம்) ஒரு மாணவர் பெயர். இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் குறைவான கட்டுரைக்கு இரண்டு காரணம் இருக்க முடியும். கவனமாகச் செய்கிறவர் என்பது ஒன்று. எதையும் முடித்துக் கையை விட்டு விடாதவர் என்பது இன்னொன்று. இரண்டாவது வகைக் கைடிடம் மாட்டினால் ஏழு வருடம், எட்டு வருடம் போகும். உங்கள் ஃபெல்லோஷிப் ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் எல்லாம் சேர்த்து ஐந்து வருடத்துக்குத்தான். அதனால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் அவர் பெயரைக் கைடு என்று போட்டுத் தேடுங்கள். தீசிஸ்கள் வரும். எத்தனை பேர் முடித்தார்கள், எந்த வருடம் முடித்தார்கள் என்று தெரியும். தீசிஸின் அத்தியாயங்களை அந்த மாணவரின் பெயரில் பப்மெட்டில் இருக்கும் கட்டுரைகளோடு பொருத்திப் பாருங்கள். மூன்று அத்தியாயத்தில் ஒன்றாவது கட்டுரையாகியிருந்தால் நல்லது. தீசிஸின் நன்றிப் பக்கத்தையும் படியுங்கள். பிளாட் போடச் சொல்லிக்கொடுத்தது கைடா, சீனியரா, பக்கத்து லேப்பா என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

அப்படியே முடித்துப் போன ஒருவரைத் தனியாகப் பிடித்துப் பேசுங்கள். இப்போது லேப்பில் இருப்பவரிடம் கேட்டால் உண்மை வராது. நடப்பில் ப்ராஜெக்ட் பணம் இருக்கிறதா என்று கைடிடமே கேட்கலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. ஒரு ஆன்டிபாடி குப்பியே பல ஆயிரம் ரூபாய். உங்கள் மாதச் சம்பளத்தை நீங்களே கொண்டுவருகிறீர்கள், ஆன்டிபாடியை அவர்தான் வாங்க வேண்டும். ஃபெல்லோஷிப்போடு வருகிற மாணவியை எந்த லேப்பும் விடாது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

அவருடைய ஒரு கட்டுரையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-இல் வந்தது, ஆறே மேற்கோள். தன் லேப்பே முன்பு வெளியிட்ட ஒரு முடிவு இரண்டு செல் லைன்களில் பொருந்தவில்லை என்று தரவோடு எழுதியிருக்கிறார்கள். முதல் ஆசிரியர் ஒரு மாணவி. கைடின் பழைய கட்டுரை தப்பு என்று மாணவி எழுதி, அதில் கைடு கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தால் அந்த ஒரு கட்டுரைக்கே எழுந்து கை கொடுப்பேன். பேசப் போகும்போது அதைப் படித்துவிட்டுப் போய், அந்த இரண்டு செல் லைன்களில் மட்டும் ஏன் மாறியது என்று கேளுங்கள். அவர் பதில் சொல்கிற விதத்தில் உங்களுக்கு மீதி புரிந்துவிடும்.

விசாரித்ததில் ஆறு வருடத்துக்குள் முடிக்க விடுகிறார் என்று தெரிந்தால் சேர்ந்துவிடுங்கள். இல்லையென்றால் இருவரையும் விட்டுவிட்டு மூன்றாவது இடம் பார்க்கலாம். உங்கள் ஜேஆர்எஃப் கடிதத்தில் செல்லுபடியாகும் தேதி போட்டிருக்கும், அதற்குள் என்றால் அவசரமில்லை. முதலாமவருக்கு நன்றி சொல்லி இரண்டு வரி மெயில் போதும், காரணம் எதுவும் எழுத வேண்டாம். நாளைக்கு உங்கள் தீசிஸை மதிப்பிட அவரிடமே வரலாம்.